38 கேஜ் கம்பி சுற்ற ஒரு ஸ்பீடு கன்ட்ரோலர்

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இந்தப் போர்டை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். பெட்டியும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை. தீப்பெட்டி அளவு போர்டு, ஓரத்தில் ஒரு திருகு குமிழ். 6 முதல் 28 வோல்ட், 3 ஆம்பியர் என்றார் கடைக்காரர். விலை 150 ரூபாய்.

எனக்கு வேலை காயில் சுற்றுவது. சின்ன டிரான்ஸ்பார்மர் என்றால் 38 கேஜ் கம்பி, கனம் 0.15 மில்லிமீட்டர்தான். மோட்டார் வெடுக்கென்று கிளம்பினால் அறுந்து போகும். இதுவரை மோட்டாரோடு வரிசையில் ஒரு வயர்வவுண்ட் ரெசிஸ்டர் போட்டுத்தான் ஓட்டினேன். கிளம்பும் நேரத்தில்தான் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். அந்த நேரம் பார்த்து ரெசிஸ்டர் வோல்ட்டேஜை விழுங்கிவிடும். கையால் ஒரு தட்டு தட்டினால் தறிகெட்டு ஓடும். வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் எல்எம்317 ஐசி போடலாமே என்பார்கள். 12 வோல்ட்டை 5 ஆக்கி 1 ஆம்பியர் எடுத்தால் 7 வாட் சூடாகவே போகும், சூட்டை வெளியேற்ற பெரிய ஹீட்சிங்க் வேண்டும்.

இந்தப் போர்டு பிடபிள்யூஎம் வகை. 12 வோல்ட்டை முழுசாகவே கொடுக்கும். ஆனால் நொடிக்குப் பல ஆயிரம் தடவை விட்டுவிட்டுக் கொடுக்கும். அதனால் மெல்லச் சுற்றும்போதும் இழுவை இருக்கிறது. குமிழைத் திருப்பத் திருப்ப, கம்பி சுற்றும் போபின் நிதானமாகக் கிளம்புவதைப் பார்க்கவே சுகம்! போர்டு தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை.

குறையும் உண்டு. சுமை ஏறினால் வேகம் இறங்கும். தானாகச் சரிசெய்து கொள்ளாது. மெல்ல ஓடும்போது சன்னமாக ஒரு விசில் சத்தம். என் காதுக்குப் பழகிவிட்டது, உதவிக்கு இருக்கும் தம்பிதான் முகம் சுளிக்கிறான்.

வயரிங்கில் ரெண்டு விஷயம். இது மைனஸ் பக்கத்தைத்தான் வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. மோட்டார் மைனஸை சப்ளை மைனஸோடு சேர்த்துவிட்டால் குமிழுக்கு வேலையே இல்லை, முழு வேகம்தான். சப்ளையில் பிளஸ், மைனஸ் மாறினால் உள்ளே இருக்கும் டயோடு வழியாக நேரே ஷார்ட். 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டு விடுங்கள், அஞ்சு பத்து ரூபாய்ச் சமாச்சாரம்.

காயில் சுற்ற, சின்ன பேன் ஓட்ட தாராளமாக வாங்கலாம். 775 என்கிற பெரிய மோட்டாரை வைத்து டிரில் மெஷின் செய்கிறவர்கள் வேறு கன்ட்ரோலர் பாருங்கள். பிட் சிக்கி நின்றால் அது இழுக்கிற இழுப்புக்கு 3 ஆம்பியர் எந்த மூலைக்கு?