வீட்டுப் பழைய கிற்றாரா, கடைப் புதுக் கிற்றாரா?

யாழ்ப்பாணத்தில் 70களின் பொப் பாடல் காலத்துக் கிற்றார் ஒன்று இன்னும் சில வீடுகளில் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. பிள்ளை பழகக் கேட்டால் அதைத் திருத்திக் கொடுப்பதா, புதிதாக வாங்குவதா? பழகுவதற்குப் புதியதையே வாங்குங்கள். பழையதையும் திருத்துங்கள், ஆனால் வேறு காரணத்துக்காக.

பழசு என்றாலே நாதம் நன்றாக இருக்கும் என்பது பாதி உண்மைதான். மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரமாக இருந்தால், வருடம் போகப் போக நாதம் திறக்கிறது என்று வாசிப்பவர்கள் பலர் சொல்வார்கள். ஒட்டுப்பலகையில் அந்த மாற்றம் குறைவு. 1966இல் வந்த, இன்றும் பலர் தேடும் யமஹா எஃப்ஜி180இன் மேற்பலகையே ஒட்டுப்பலகைதான். இன்றைய எஃப்ஜி800இலோ அது முழு ஸ்ப்ரூஸ்.

பெரிய சிக்கல் கழுத்தில். இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையைக் கொடுக்கின்றன. அதை வருடக்கணக்கில் தாங்கிய கழுத்து முன்னோக்கிச் சாயும், கம்பிகளின் அடிமுனை பூட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வீங்கும். நம்மூர் வெக்கையும் மாரி ஈரமும் பசையை இன்னும் இளக்கும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான கட்டைகளில் பன்னிரண்டாவதில் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றால் பிள்ளையின் விரல் நோகும். ஆசையோடு தொடங்கிய பிள்ளை அந்த நோவிலேயே விட்டுவிடும். கழுத்தைக் கழற்றிச் சரிசெய்ய, சாதாரணக் கிற்றாரின் விலையைவிடக் கூடச் செலவாகலாம்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அமெரிக்க நிறுவனமான மார்ட்டினின் பழைய கிற்றார் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொன்னால் முதலில் மரத்தைக் கேளுங்கள். 1969 வரையான அதன் டி-28 மாதிரியில் பிரேசில் ரோஸ்வுட் இருக்கும். 1992 முதல் அது கடுமையாகக் காக்கப்படும் மரம், எல்லை தாண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும்.

அப்புறம் அலுமாரிக் கிற்றார். 1995 இடப்பெயர்விலும் விடாமல் தூக்கிப்போனது என்றால் அதைச் சந்தை விலையால் அளக்கவே கூடாது. செலவைப் பார்க்காமல் திருத்துங்கள். முன்பின் தெரியாதவரின் பழைய ஒட்டுப்பலகைக் கிற்றாருக்கு மட்டும், பழசு என்பதற்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள்.

திருத்தக் கொடுக்கும்போது, தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பெரியப்பாவின் கை தேய்த்த இடம் அதோடு போய்விடும், விற்பனை மதிப்பும் விழும். கழற்றிய பழைய முறுக்காணிகளைக் கேட்டு வாங்கி, உறையிலேயே போட்டு வையுங்கள்.