ஊர்ச் சங்கத்து எய்டட் ஸ்கூல்ல ரெண்டு பிள்ளைகளப் படிக்க வச்ச அனுபவம் – ஆறாப்பு சேர்க்கப் போறவங்களுக்காக

எங்க வீட்ல ரெண்டு பேரும் ஆறாப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் ஒரே ஸ்கூல்தான். மக 2014ல சேர்ந்து 2021ல முடிச்சா, மகன் 2018ல சேர்ந்து 2025ல முடிச்சான். விருதுநகர் ஜில்லால ஒரு சின்ன டவுன், அங்க உறவின்முறை சங்கம் (ஒரு சாதிக்காரங்க சேர்ந்து வச்சிருக்கிற ஊர்ச் சங்கம்) நடத்துற அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. ஸ்கூல் பேரு சொல்லல, குறையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன் அதனால. ஆனா இந்தப் பக்கம் ஊருக்கு ஒண்ணு இதே மாதிரி இருக்கு, நீங்க பாக்குற ஸ்கூலுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

மொதல்ல ஒண்ணு தெளிவாகிக்கோங்க. எய்டட் ஸ்கூல்னா நம்மள்ல நிறைய பேரு ஒண்ணு கவர்மென்ட் ஸ்கூல்னு நினைச்சுக்கிறோம், இல்லைன்னா ஃபீஸ் கம்மியான பிரைவேட்டுனு நினைச்சுக்கிறோம். ரெண்டும் கிடையாது. கட்டடம் சங்கத்தோடது, வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தோடது, ரெண்டுக்கும் நடுவுல விட்டுப்போனதெல்லாம் நம்ம தலையில. இந்த ஏழு வருஷப் படிப்புல நல்லது கெட்டது எது நடந்தாலும் யோசிச்சுப் பாத்தா கடைசில இந்த மூணுல ஒண்ணுலதான் வந்து நிக்கும்.

இந்த மாதிரி ஸ்கூலுக்கெல்லாம் முன்னோடின்னு சொன்னா விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவத்தான் சொல்லணும், 1889ல ஆரம்பிச்சது. வியாபாரிங்க மகமைன்னு சரக்கு மேல ஒரு சின்னத் தொகை எடுத்து வச்சு, வீட்டு வீட்டுக்கு சமைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியா போட்டு வாங்கி நடத்துன பள்ளிக்கூடம். காமராஜர் படிச்சது அங்கதான். எங்க ஊர் ஸ்கூலும் அதே மகமைக் காசுல வந்ததுதான், ஊர்ப் பெருசுக இன்னைக்கும் "நம்ம பிடியரிசில வந்த பள்ளிக்கூடம்"னுதான் பேசுவாக. அந்தப் பெருமை கொஞ்சம் ஓவராத்தான் இருக்கும், ஆண்டு விழால தலைவர், செயலாளர், பொருளாளர்னு ஆளாளுக்கு பேசி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக டான்ஸ் டிரஸ்ஸோட தூங்கிரும்.

"அது அவுக ஆளுக ஸ்கூல்தான, நம்ம பிள்ளைய எப்படி நடத்துவாக"ன்னு நிறைய பேருக்கு ஒரு பயம் இருக்கும், வெளிய கேக்க மாட்டாங்க. நாங்க வேற சாதிதான். கிளாஸ்ல, மார்க்ல, ஹெச்.எம். ரூம்ல எங்கயும் ஒரு வித்தியாசமும் எங்களுக்குத் தெரியல, பாதிக்கு மேல வேற ஆளுக பிள்ளைகதான் படிக்குது. கையில சாதிக் கயிறு கட்டிட்டு வரக்கூடாதுன்னு மகன் ஒம்பதாப்பு படிக்கிறப்பவே பி.டி. சார் கேட்ல நின்னு அவுத்துருவாரு, நீதியரசர் சந்துரு கமிட்டி 2024ல ரிப்போர்ட் குடுத்து அதச் சொல்றதுக்கு முந்தியே. ஆனா ஸ்கூல் நிர்வாகக் கமிட்டின்னு வந்துட்டா அது சங்கத்துக்காரங்க மட்டும்தான், செயலாளர் எலெக்‌ஷன் வந்தா ரெண்டு கோஷ்டி ஆயிரும், அந்த வருஷம் பெயின்ட் அடிக்கிறதுல இருந்து பெஞ்சு வாங்குறது வரைக்கும் எல்லாம் அப்படியே நிக்கும். மக எட்டாப்பு படிக்கிறப்ப ஃபேன் ரிப்பேர் பண்ண ஒரு கையெழுத்து வாங்க முடியாம ஏப்ரல் வெயில்ல பரீட்சை எழுதுச்சுக. எங்க ஊர் ஏப்ரல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். மே மாசம் டீச்சர்ஸ் வீட்டுக்கு வீடு வந்து "பிள்ளைய நம்ம ஸ்கூல்ல சேருங்கம்மா"ன்னு கேன்வாஸ் பண்றாங்கள்ல, அது ஏன்னு தெரியுமா? பிள்ளைக எண்ணிக்கைய வச்சுத்தான் அரசாங்கம் எத்தனை பணியிடம்னு கணக்குப் போடும், எண்ணிக்கை குறைஞ்சா உபரின்னு சொல்லி வேற ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டுருவாங்க. அதனால நீங்க சேர்க்கிற ஒரு பிள்ளை அவங்களுக்கு நிஜமாவே தேவை, அந்த நேரத்துல கூச்சப்படாம எல்லாக் கேள்வியும் கேட்டுருங்க, சேர்ந்தப்புறம் அவ்வளவு பொறுமையா பதில் வராது.

என்ன கேக்கணும்னா, எந்தப் பாடத்துக்கு கவர்மென்ட் சம்பளம் வாங்குற டீச்சர் இருக்காங்க, எதுக்கு மேனேஜ்மென்ட் டீச்சர் போட்டுருக்காங்கன்னு. ஒரு சார் ரிட்டயர் ஆயிட்டாருன்னா அந்த இடத்துக்கு நிர்வாகம் ஆள் எடுத்தாலும் கல்வித்துறை அப்ரூவல் குடுத்தாத்தான் அரசாங்க சம்பளம் வரும், அது வர்ற வரைக்கும் நிர்வாகம் கைக்காசுல ஒருத்தர வைப்பாங்க, அந்தக் காசு பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) நிதின்னு நம்மகிட்டதான் வாங்குவாங்க. காசு கூட பெருசில்ல. அந்தச் சம்பளத்துக்கு வர்ற புள்ளைக பி.எட். முடிச்சிட்டு வேற நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும் நிப்பாங்க, நடு வருஷத்துல போயிருவாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா மகனுக்குப் பதினொண்ணாப்புல ஃபிசிக்ஸுக்கு ஒரே வருஷத்துல டீச்சர் மாறிட்டே இருந்தாங்க, ஒவ்வொருத்தரும் மொத பாடத்துல இருந்து ஆரம்பிச்சு கடைசிப் பாடமான அலைகளத் தொடாமலே பரீட்சை வந்துருச்சு. டியூஷன் போட்டுத்தான் சரி பண்ணோம். அதே ஸ்கூல்ல அதே வருஷம் கெமிஸ்ட்ரிக்கு இருந்தவர் பல வருஷ சர்வீஸ் உள்ள கவர்மென்ட் போஸ்டிங் சார், டியூஷனே தேவைப்படல. ஸ்கூல் நல்லதா கெட்டதான்னு மொத்தமா கேட்டா பதிலே கிடையாது, சப்ஜெக்ட் சப்ஜெக்ட்டாத்தான் கேக்கணும்.

தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமான்னு அட்மிஷன் அன்னைக்கே கேப்பாங்க. சும்மா ஒரு டிக் அடிக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் சுயநிதி, அதாவது ஃபீஸ் நாமதான் கட்டணும், டீச்சரும் மேனேஜ்மென்ட் டீச்சர்தான். தமிழ் மீடியம்தான் அரசு உதவில ஓடுறது, புத்தகம், சத்துணவு, பஸ் பாஸ், பதினொண்ணாப்புல சைக்கிள் எல்லாம் வரும். நாங்க ரெண்டு பேரையும் தமிழ் மீடியத்துலதான் போட்டோம், அப்ப சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க. இப்ப மகன் இன்ஜினியரிங் சேர்ந்து மாசம் ஆயிரம் ரூபா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல அக்கவுன்ட்ல விழுது, என் நாத்தனார் மகன் அதே ஸ்கூல் அதே செட்டு, இங்கிலீஷ் மீடியம், அவனுக்குக் கிடையாது. எய்டட் ஸ்கூல்னா ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ் வழில படிச்சிருக்கணும்னு ரூல்.

மகளுக்கு அந்த யோகம் இல்ல. பொண்ணுகளுக்கு அதே ஆயிரம் ரூபா குடுக்குற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல வந்தப்ப அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுகளுக்கு மட்டும்தான்னுட்டாங்க, இவ அப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம், காலேஜ்ல கூடப் படிச்ச கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைக எல்லாம் வாங்குதுக இவளுக்கு மட்டும் இல்ல. எய்டட் தமிழ் மீடியத்துக்கும் உண்டுன்னு 2024 கடைசில குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள பி.எஸ்சி. முடிச்சு வெளிய வந்துட்டா. "ஒரு வருஷம் ஃபெயிலாகி இருக்கலாம்மா"ன்னு இப்பவும் சொல்லிக் காட்டுவா.

இதை விடப் பெருசு 7.5 சதவீத இட ஒதுக்கீடு. மெடிக்கலுக்கு 2020லயும் இன்ஜினியரிங் மாதிரி தொழில் படிப்புக்கு 2021லயும் வந்துச்சு, அது அரசுப் பள்ளி பிள்ளைகளுக்குத்தான், எய்டடுக்குக் கிடையாது. இது தெரியாம "எய்டடும் கவர்மென்ட் மாதிரிதான"ன்னு சேர்த்துட்டு பன்னெண்டாப்பு முடிச்சு கவுன்சிலிங் நேரத்துல அழுத குடும்பம் எங்க தெருலயே இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சான், மகனை விட கட் ஆஃப் கம்மி, இன்னைக்கு அவனுக்கு காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கம் கட்டுது. பிள்ளைக்கு நீட், டாக்டர்னு கனவு இருந்து ஊர்ல கவர்மென்ட் ஸ்கூலும் ஓரளவு நல்லா இருந்துச்சுன்னா யோசிக்காம அங்கயே போயிருங்கன்னுதான் நான் சொல்வேன், இந்த ஸ்கூல் எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்தாலும்.

படிப்பு எப்படின்னா, நல்லா உருட்டி எடுப்பாங்க. இந்த ஜில்லா பாஸ் பர்சன்ட்ல வருஷக்கணக்கா முன் வரிசைல நிக்கிற ஜில்லா, அதோட நல்லதும் கெட்டதும் பத்தாப்புல தெரியும். நல்லது சொல்றேன். கணக்கு சார் ஒருத்தர், காலைல ஏழே முக்காலுக்கு மெல்லக் கற்கும் பிள்ளைகள மட்டும் தனியா உக்கார வச்சுருவாரு. பத்தாப்பு கணக்குல எட்டு மார்க் கேள்வி ரெண்டு, ஒண்ணு வடிவியல் இன்னொண்ணு வரைபடம், ரெண்டும் போட்டா 16. பாஸுக்கு வேண்டியது 35. அதனால ஜூலைல இருந்தே தினம் ஒரு முக்கோணம் ஒரு கிராஃப், பென்சில் சீவி ஸ்கேல் பிடிக்கிறதுல இருந்து சொல்லித்தருவாரு, கை நடுங்குற பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து காம்பஸ் முனைய அவரே அழுத்திப் பிடிச்சுக்குவாரு. பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போயிட்டு இருந்த ஒரு பையன் மகனோட செட்டுல அந்த 16ஐயும் வாங்கி அதுக்கு மேலயும் வாங்கி பாஸ் ஆனான். அந்த சாருக்கு இதுக்குன்னு ஒரு பைசா தனியா கிடையாது, ஸ்பெஷல் கிளாஸுக்கு வர்ற பிள்ளைகளுக்கு சுண்டல் கூட அவரு காசுதான்.

கெட்டதும் அதே பாஸ் பர்சன்ட்தான். எட்டாப்பு வரைக்கும் ஃபெயில் போட மாட்டாங்க, ஒம்பதாப்புல வச்சுருவாங்க. மக ஒம்பதாப்பு முடிக்கிறப்ப அவ கிளாஸ்ல கொஞ்சப் பேரோட அம்மா அப்பாவக் கூப்பிட்டு "இங்க பாஸ் பண்றது கஷ்டம், டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல் பாத்துக்கோங்க"ன்னு நைசா சொல்லிட்டாங்க. நூறு சதவீத ரிசல்ட் பேனர்ல வராத முகம் அதெல்லாம். பிள்ளை படிப்புல கொஞ்சம் மெதுவா இருந்தா ஒம்பதாப்புல நீங்க முழிச்சுக்கணும், டிசி நாமளா கேட்டு எழுதிக் குடுத்தாத்தான் தர முடியும், எழுதிக் குடுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா குடுக்க மாட்டேன்னு நின்னாக, அவுக மக அதே ஸ்கூல்லயே பத்து பாஸ் பண்ணா, அந்தக் கணக்கு சார் கிளாஸ்லதான்.

பாடப் புத்தகம் மாறுனதுல எங்க வீட்ல ரெண்டும் ரெண்டு விதமா மாட்டுச்சு. 2018ல 1, 6, 9, 11 இந்த நாலு கிளாஸுக்கும் புதுப் புத்தகம் வந்துச்சு, மீதிக்கு அடுத்த வருஷம். மகன் ஆறாப்புலயே புதுசுல ஆரம்பிச்சான், பிரச்சனையே இல்ல. மக பழைய பத்தாப்பு புத்தகம் படிச்ச கடைசி செட்டு, அடுத்து நேரா புது பதினொண்ணு, ஒரு சப்ஜெக்ட்டுக்கே ரெண்டு வால்யூம். டீச்சருக்கே அது புதுசு, "நானும் நைட்டு படிச்சிட்டுத்தான் வர்றேன்"னு உண்மையைச் சொன்ன டீச்சரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் கொரோனா வந்து பன்னெண்டாப்பு பரீட்சையே இல்லாம, பத்தாப்பு மார்க்ல 50, பதினொண்ணுல 20, செய்முறையும் அகமதிப்பீடும் 30ன்னு கணக்குப் போட்டுக் குடுத்தாங்க. அந்தப் பதினொண்ணாப்பு பொதுத்தேர்வ 2025-26ல இருந்து எடுத்துட்டாங்க, உங்க பிள்ளைகளுக்கு அந்தத் தலைவலி இல்ல. ஆனா எங்க ஸ்கூல்ல முன்னாடி செஞ்ச மாதிரி பதினொண்ணாப்பு பாடத்த விட்டுட்டு நேரா பன்னெண்டு நடத்துற பழக்கம் திரும்ப வருமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதையும் கேட்டு வச்சுக்கோங்க.

மத்த விஷயம் சுருக்கமா. கிரவுண்டு பெருசு, எந்த மெட்ரிக் ஸ்கூல்லயும் இவ்வளவு இடம் கிடையாது, கபடியும் வாலிபாலும் நல்லா வெளையாடுவாங்க. லேப்ல சாமான் பழசு, பியூரெட் ஒண்ணுக்கு நாலு பேரு நிப்பாங்க, ஆனா கையால செய்ய விடுவாங்க. கேர்ள்ஸ் டாய்லெட் மக படிச்ச காலத்துல மோசம், தண்ணி குடிக்காமலே இருந்துட்டு வருவா, பழைய மாணவர்கள் சேர்ந்து புதுசா கட்டிக் குடுத்தப்புறம் பரவால்ல, கூட்டுறதுக்கு ஆள் வைக்கிறதுதான் இப்பவும் இழுபறி. சத்துணவு முட்டை ஒழுங்கா வரும். பி.டி.ஏ. மீட்டிங்னா பத்து அம்மாக்கள்தான் வருவோம், அப்பாக்கள் யாரும் வர்றதில்ல, ஆனா கேட்டா நடக்குது, ஃபேன் கதைக்கு அடுத்த வருஷம் நாங்க போயி நின்னுதான் ஒயரிங்கே மாத்துனாங்க.

கடைசியா பேப்பர் விஷயம். சேர்க்கும்போது பயிற்று மொழி தமிழ்னு அட்மிஷன் ஃபார்ம்ல பாத்து கையெழுத்துப் போடுங்க, எமிஸ்லயும் (கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) அப்படித்தான் ஏறியிருக்கான்னு கிளார்க்கிட்ட ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, ஆயிரம் ரூபா திட்டத்துக்கு அதான் ஆதாரம். பன்னெண்டு முடிச்சு டிசி வாங்கப் போறப்பவே தமிழ் வழில படிச்சதுக்கான சான்றிதழும் கேட்டு வாங்கிருங்க. டி.என்.பி.எஸ்.சி.ல தமிழ் வழிக்கு 20 சதவீதம் இருக்கு, அதுக்கு ஒண்ணாப்புல இருந்து படிச்ச எல்லா ஸ்கூல்லயும் வாங்கணும். ஜூன்ல போனீங்கன்னா ஆபீஸ்ல கூட்டமா இருக்கும், ஜூலை ரெண்டாவது வாரம் போங்க.