ஜோத்பூர், ஜெய்சல்மேர், பீகானேர்: பாலைவனச் சாலையில் எங்கே நின்று சாப்பிடலாம்

ஜனவரியில் ஐந்து நாள், ராஜஸ்தானின் ஜோத்பூரில் வாடகைக் கார் எடுத்து ஜெய்சல்மேர் போய், சுற்றிக்கொண்டு பீகானேரில் பயணத்தை முடித்தோம். நான், கணவர், அப்புறம் அறுபத்தெட்டு வயது அத்தை. அத்தைக்கு வெளிச்சாப்பாடு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது, மைதா, பன்னீர், எண்ணெய் மிதக்கிற கிரேவி எதுவும் ஆகாது, அதனால் கோட்டை, மணல்மேடு, ஒட்டகம் இதையெல்லாம் விட அடுத்த வேளைக்கு எங்கே நிறுத்துவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. சாலை அருமையான சாலை, தாபாவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அதில் எது நல்ல தாபா என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜோத்பூரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கூண்டுப் பக்கம் மிஸ்ரிலால் கடையில் மக்கனியா லஸ்ஸி கட்டாயம் சாப்பிட வேண்டும், 1927-லிருந்து இருக்கிற கடை, லஸ்ஸி என்கிறார்கள் ஆனால் குடிக்க முடியாது, ஏலக்காயும் குங்குமப்பூவும் வாசம் வீச, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற பதத்தில் இருக்கும். மிர்ச்சி வடா என்பது நம் மிளகாய் பஜ்ஜிதான், ஆனால் பெரிய வெளிர்பச்சை மிளகாயைக் கீறி உள்ளே புளிப்பும் காரமுமான உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரிப்பார்கள், ஒன்று சாப்பிட்டாலே காலைப் பலகாரம் முடிந்தது. காலை எட்டு மணிக்குப் போங்கள், எண்ணெய் புதிதாக இருக்கும்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். அகோலாய், தேச்சூ, போக்ரான் வழியாகப் போகிறது. ஊரை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நிற்கிற ஒரு பெரிய உணவகத்தில் நாங்களும் நிறுத்தினோம், கழிவறை சுத்தமாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக. கழிவறை சுத்தமாகத்தான் இருந்தது. மெனு அட்டை பன்னிரண்டு பக்கம், சைனீஸ், தோசை, பஞ்சாபி எல்லாம் இருந்தது, கம்பு ரொட்டி மட்டும் இல்லை. அத்தைக்கு என்று தயிர்சாதம் கேட்டோம், சர்க்கரை போட்ட தயிரில் பாசுமதிச் சோற்றைக் கலந்து கொண்டுவந்தார்கள். மூன்று பேருக்குத் தொள்ளாயிரம் ரூபாய். பெயர் வேண்டாம், அந்த மாதிரி கடைகள் அந்தச் சாலை முழுக்க இருக்கின்றன, பேருந்து நிறுத்துமிடத்தின் அளவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தேச்சூ தாண்டியதும் நாங்கள் கண்டுபிடித்த இடம்தான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த இடம். பெயர்ப்பலகை கிடையாது. சாலைக்கு இடது பக்கம் ஒரு தகரக் கூரை, நாலைந்து கயிற்றுக் கட்டில், பின்னால் ஒட்டினாற்போல் வீடு, வாசலில் பெரிய வன்னி மரம். கல் ஏற்றுகிற லாரிகள் மூன்று நின்றிருந்தன, ஓட்டுநர்கள் கட்டிலில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியைப் பார்த்துத்தான் கணவர் வண்டியை ஓரம் கட்டினார்.

அடுப்படி வெளியிலேயே இருக்கிறது, மண் அடுப்பு, விறகு. முக்காடு போட்ட ஒரு வயதான அம்மா கம்புமாவைக் கையளவு எடுத்து, வெந்நீர் தெளித்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிசைகிறார். ஒரு ரொட்டிக்கு மட்டும்தான் பிசைகிறார், அதைத் தட்டி அடுப்பில் போட்ட பிறகுதான் அடுத்ததற்கு மாவை எடுக்கிறார். கம்பில் கோதுமை மாதிரி ஒட்டுத்தன்மை கிடையாது, பிசைந்து வைத்தால் விரிசல் விட்டுவிடும், கட்டையால் தேய்க்கவும் வராது, இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தட்டித் தட்டித்தான் வட்டமாக்க வேண்டும். மண் தவாவில் இரண்டு பக்கமும் காய்ந்ததும் எடுத்து அடுப்பு வாயில் தணலுக்கு எதிராக நிமிர்த்தி வைக்கிறார், அது மெல்ல உப்பி, ஓரம் கருகி, புகை வாசத்தோடு வருகிறது. தட்டில் போட்டதும் கட்டை விரலால் நாலு இடத்தில் அமுக்கிக் குழி பண்ணி அந்தக் குழியில் நெய்யை ஊற்றுகிறார். இதற்கு அங்கே சோக்ரா என்று பேர். கூடவே வெல்லம், பூண்டும் சிவப்பு மிளகாயும் அரைத்த சட்னி, கையால் குத்தி உடைத்த வெங்காயம். அந்த மிளகாய் ஜோத்பூருக்குப் பக்கத்தில் மதானியா என்ற ஊர்ப் பெயரில் விற்கிற மிளகாய், நிறம்தான் பயமுறுத்துகிறது, காரம் நம் குண்டு மிளகாயை விடக் குறைவு.

அப்புறம் ஒரு சொம்பில் ஏதோ சாம்பல் நிறத்தில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்து, "இது நம்ம கம்மங்கூழுல்ல தாயி!" என்றார். அதேதான். கம்புமாவை மோரில் கரைத்துப் புளிக்க விட்டுக் காய்ச்சுவது, சீரகம் போட்டிருந்தார்கள், அங்கே ராப் என்கிறார்கள். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் அத்தை சின்ன வயதில் வெயிலுக்குக் குளிரக் குளிரக் குடித்தது, இங்கே ஜனவரிக் குளிருக்குச் சூடாகக் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு இந்தி தெரியாது, இருந்தாலும் அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்து கைச்சாடையிலேயே எத்தனை நாள் புளிக்க வைப்பீர்கள், மோரா தயிரா என்று விசாரித்துவிட்டு வந்தார். ஒன்றரை நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் அன்று இரண்டு சோக்ரா சாப்பிட்டார். மூன்று பேருக்கும் சேர்த்து 390 ரூபாய், நெய் எத்தனை தடவை ஊற்றினாலும் கணக்கில்லை.

அங்கேதான் கேர் சாங்ரியும் சாப்பிட்டோம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலைவனத்தில் ஒரு கடை நல்ல கடையா என்று பார்க்க எனக்குக் கிடைத்த உரைகல் இதுதான். சாங்ரி என்பது அவர்கள் கேஜ்ரி என்கிற மரத்தின் பிஞ்சுக் காய். கேஜ்ரி வேறெதுவும் இல்லை, நம் வன்னி மரம்தான், பிள்ளையாருக்கு இலை போட்டு அர்ச்சனை செய்கிறோமே, விருத்தாசலம் கோயிலில் தலமரமாக இருக்கிறதே, அதே மரம். ராஜஸ்தானுக்கு மாநில மரம். மழை பொய்த்தாலும் காய்க்கும், இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 1730-இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவியும், மரத்தையும் விலங்கையும் காப்பதை மதக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்து மக்கள் பலரும், மொத்தம் 363 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் சூரிய மின் நிலையங்களுக்காக இந்த மரங்களை வெட்டுவதை எதிர்த்து பீகானேர் பக்கம் மக்கள் போராடுகிறார்கள். தட்டில் ஒரு கரண்டி வைக்கிற காய்க்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கேர் என்பது முள்செடியில் காய்க்கிற, சுண்டைக்காய் அளவுள்ள காய். கசக்கும், அதனால் பல நாள் உப்புத் தண்ணீரிலோ மோரிலோ ஊறப்போட்டுக் கசப்பை எடுத்துக் காயவைக்கிறார்கள். இரண்டையும் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, மிளகாய், மாங்காய்ப்பொடி போட்டுப் புரட்டி எடுப்பது. நம் ஊர்க் கொத்தவரங்காய் வத்தலை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் ஊறுகாயின் புளிப்பு ஏறினால் எப்படி இருக்கும், அப்படி. காய்ந்த சாங்ரி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அதனால் சில இடங்களில் கேர் சாங்ரி என்று போட்டுவிட்டு வெங்காய மசாலாவில் நாலு குச்சியை மிதக்க விடுகிறார்கள், எங்களுக்கு ஜெய்சல்மேரில் அப்படி ஒரு தட்டு வந்தது. நல்ல கேர் சாங்ரியில் கிரேவியே இருக்காது. கூடக் கும்மட் என்கிற ஒரு வகை வேல மரத்து விதை, குந்தா எல்லாம் சேர்த்து ஐந்தாகச் செய்தால் பஞ்ச்கூட்டா. குந்தா என்பது நம் நறுவிலி, மூக்குச்சளிப் பழம் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அது.

போக்ரான் என்றால் நமக்கு 1974, 1998 அணுகுண்டுச் சோதனைதான் நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சம்சம் சாப்பிட்டுப் போங்கள் என்கிறார்கள், சாப்பிட்டோம், ரசகுல்லா ஜாதிதான், கொஞ்சம் கெட்டி. நன்றாக இருந்தது.

ஜெய்சல்மேரில் கோட்டைக்குள் மாடி உணவகங்களில் காட்சிக்குத்தான் காசு. மாலையில் மஞ்சள் கல் வெயிலில் ஜொலிப்பதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம், சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிவிடுங்கள். கடைவீதியில் தன்ராஜ் ரன்மல் பாட்டியா கடை கோட்டுவா லட்டுக்குப் பேர்போனது, கடலைமாவுப் பதார்த்தத்தை இடித்துப் பொடித்துப் பால்கோவா சேர்த்துப் பிடிக்கிறார்கள், நம் லட்டு மாதிரி முத்து முத்தாக இருக்காது, வாயில் போட்டதும் மணல் மாதிரி உதிரும். கால் கிலோ வாங்கினோம், மறுநாள் காலை திரும்பப் போய் இன்னும் அரைக் கிலோ வாங்கினோம்.

சாம் மணல்மேட்டுக் கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கியதில்தான் எனக்கு வருத்தம். ஆட்டம் பாட்டு முடிந்து ஒன்பதரைக்குத்தான் சாப்பாட்டைத் திறந்தார்கள், அதற்குள் தால், பாட்டி, கட்டே என்கிற கடலைமாவு உருண்டைக் குழம்பு எல்லாம் ஆறி, நெய் உறைந்துபோய்விட்டது. பாட்டி என்பது தணலில் சுட்ட கோதுமை உருண்டை, அதைச் சூடாக உடைத்து நெய்யில் முக்கித்தான் சாப்பிட வேண்டும், ஆறினால் கல். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏழரைக்கே தனியாகச் சூடாக வேண்டும் என்று பணம் கட்டும்போதே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் மணல்மேட்டைச் சாயங்காலம் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாம், 40 கிலோமீட்டர்தான்.

ஜெய்சல்மேர் – பீகானேர் நீளமான சாலை, 330 கிலோமீட்டர் பக்கம். ராம்தேவ்ராவில் கோயில் இருப்பதால் சைவச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மோர்க்குழம்பு மாதிரியான கடீயும் ரொட்டியும் எளிமையாக நன்றாக இருந்தது. பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி அடித்தது, நாங்கள் போனபோது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தோம். பக்கத்தில் கீச்சனில் குளிர்காலத்துக்கு வந்திருக்கும் சின்னக் கொக்குகளுக்கு ஊர் மக்கள் தினமும் தானியம் போடுகிறார்கள், ஆயிரக்கணக்கில் இறங்கும், காலையில் போங்கள்.

இந்தப் பக்கம் கம்பு ரொட்டி கேட்டால் பல கடைகளில் இல்லை என்கிறார்கள். பஞ்சாபிலிருந்து வருகிற இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் கோதுமையைக் கொண்டுவந்துவிட்டது, தந்தூர் ரொட்டி போடுவது கடைக்காரருக்கும் சுலபம். வற்புறுத்திக் கேளுங்கள், அரை மணி நேரம் ஆகும் என்பார்கள், காத்திருங்கள்.

பீகானேரில் புஜியா வாங்காமல் வர முடியாது. கடலைமாவு மட்டும் போட்டது பீகானேர் புஜியா ஆகாது, அதில் மோட் என்கிற நரிப்பயற்று மாவு சேர வேண்டும், வறண்ட மண்ணில் விளைகிற பயறு, அதுதான் அந்த லேசான மொறுமொறுப்பைக் கொடுக்கிறது. 2010-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. பாக்கெட்டில் வருவதை விட்டுவிட்டு, பழைய ஊருக்குள் கண்ணெதிரே பிழிகிற கடையில் சூடாக வாங்குங்கள். ஸ்டேஷன் ரோட்டில் சோட்டு மோட்டு ஜோஷி கடையில் காலையில் பூரியும் ரசகுல்லாவும், கூட்டத்தில் நின்றுதான் சாப்பிட வேண்டும், நிற்கலாம்.

அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். மெனு அட்டையைக் கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், மூன்றே பதார்த்தத்தின் பெயரைச் சொல்லி நிறுத்துகிற கடை நல்ல கடை. விறகு அடுப்பு எரிகிறதா, வாசலில் லாரி நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் அளவுக்குச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், போனில் பணம் அனுப்பலாம் என்றாலும் போக்ரான் தாண்டி எனக்குப் பல இடங்களில் சிக்னல் இல்லை. வண்டியில் தண்ணீர் கேன், கொஞ்சம் பொட்டுக்கடலை, வாழைப்பழம். பசி வந்த பிறகு கடை தேடாதீர்கள், கிடைத்த இடத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

தேச்சூ கடைக்கு வழி: ஜோத்பூரிலிருந்து போகும்போது ஊர் தாண்டிச் சுமார் பத்து நிமிடம், இடது பக்கம், பெரிய வன்னி மரம், சாலையிலிருந்தே அடுப்புப் புகை தெரியும். மதியம் ஒரு மணிக்குள் போங்கள். ராப் ஒரு பானைதான் காய்ச்சுகிறார்கள், நாங்கள் கிளம்பும்போது அடுத்து வந்த லாரிக்காரருக்கே தீர்ந்துவிட்டது என்று சொன்னார்கள்.