ஏழு கிலோவில் பெட்டிக்கே மூன்று கிலோ போனால்: ஆறு வருட அனுபவம்

காலிப் பெட்டியை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே 2019இல், திருச்சி விமான நிலையத்தில்தான். கோலாலம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். விமானம் ஏறும் கதவருகே எல்லாருடைய கைப்பெட்டியையும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். என்னுடையது 8.4 கிலோ. அனுமதி 7 கிலோ. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைத் தரையில் இரண்டாகத் திறந்து, பெரியம்மா கொடுத்த மணப்பாறை முறுக்கை எடுப்பதா, புடவையை எடுப்பதா என்று தடுமாறினேன். கடைசியில் கூடுதல் கட்டணம் கட்டிப் பெட்டியைச் சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டு, மடிக்கணினியையும் மருந்தையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வெறும் பெட்டியை எடை போட்டால் 3.1 கிலோ. அப்போது பினாங்கிலிருந்து வந்திருந்த அம்மா, பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெட்டியே இவ்ளோ கனமா இருந்தா உள்ள என்னத்தம்மா வைப்ப?" என்று கேட்டார். சார்ஜரோடு சேர்த்து என் மடிக்கணினி 1.7 கிலோ. இரண்டையும் கழித்தால் துணிமணிக்கு 2.2 கிலோதான் மிஞ்சும். ஒரு பட்டுப் புடவையே முக்கால் கிலோ வரும்.

மலேசியாவிலிருந்து பறக்கும் நமக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஏர் ஏசியாவில் கையில் கொண்டுபோகும் பெட்டியும் சின்னப் பையும் சேர்ந்தே 7 கிலோதான். மலேசியா ஏர்லைன்ஸ் எகானமியிலும் கைப்பெட்டிக்கு 7 கிலோ. இரண்டிலும் பெட்டி அளவு 56 × 36 × 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விதிகள் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எடை குறைந்த பெட்டி வாங்கினால் அந்த லாபம் ஒவ்வொரு பயணத்திலும் கிடைக்கும். நான் இப்போது வைத்திருக்கும் பை 1.9 கிலோ. பழைய பெட்டியை விட 1.2 கிலோ குறைவு. அந்த இடத்தில் இரண்டு சாதாரணப் புடவையோ, நான்கு நாள் துணியோ போகும்.

பையின் பிராண்டையும் மாடலையும் சொல்லவில்லை. அந்த மாடல் இப்போது கடைகளில் இல்லை, சொல்லிப் பயனும் இல்லை. துணிப் பை, இரண்டு சக்கரம், முன்பக்கம் இரண்டு ஜிப் அறை, இழுத்து நீட்டும் அலுமினியக் கைப்பிடி. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். அன்று அந்தக் கடைக்காரர் செய்த உதவியை இன்னும் மறக்கவில்லை. நான் கடைக்குள் பளபளக்கும் டைல்ஸ் தரையில் நான்கு சக்கரப் பெட்டி ஒன்றை உருட்டிப் பார்த்து மயங்கி நின்றேன். ஒரு விரலால் தள்ளினால் ஓடுகிறது. அவர், "தங்கச்சி, கடைக்குள்ள எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் ஓடும். வெளியே கொண்டுபோய் இழுத்துப் பாருங்க" என்றார். இரண்டு பெட்டியையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தோம். உடைந்த ஓடு, சாக்கடை மூடி, கொஞ்சம் சரளைக்கல். நான்கு சக்கரம் மூன்றாவது அடியிலேயே ஓட்டின் விளிம்பில் சிக்கித் திரும்பிக்கொண்டது. இரண்டு சக்கரம் ஏறி இறங்கி வந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

காரணம் சக்கரத்தின் அளவுதான். இரண்டு சக்கரப் பையில் சக்கரம் பெரிதாக இருக்கும், பாதி உடம்புக்குள்ளே புதைந்திருக்கும். நான்கு சக்கரப் பெட்டியில் சின்னச் சக்கரங்கள் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தலும் 56 சென்டிமீட்டரில் சேரும். சில பெட்டிகளின் அட்டையில் சக்கரத்தை விட்டுவிட்டு உயரம் போட்டிருப்பார்கள். அதனால் தையல் நாடா ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், தரையிலிருந்து உள்ளே தள்ளிய கைப்பிடியின் மேல் வரை நீங்களே அளந்துவிடுங்கள். விரிவாக்கும் ஜிப் இருந்தால் அதைத் திறக்காமலும் திறந்தும் அளவு பாருங்கள். திறந்தால் 23 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஆறு வருடத்தில் நான் அந்த ஜிப்பைத் தொட்டது ரயில் பயணத்துக்கு மட்டும்தான்.

பெட்டிக்குச் சக்கரம் வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. 1972இல் அமெரிக்காவில் பெர்னார்ட் சேடோ காப்புரிமை பெற்ற பெட்டியில் நான்கு சக்கரம் இருந்தது, ஒரு வாரைப் பிடித்து இழுக்க வேண்டும். 1987இல்தான் ராபர்ட் பிளாத் என்ற விமானி இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்து, சாய்த்து இழுக்கும் பெட்டியைச் செய்தார். வாரம் முழுக்க விமான நிலையங்களில் நடந்தவர் செய்தது என்பதால்தான் அந்த வடிவம் இன்றும் நடப்பவர்களுக்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

என் வழக்கமான பாதையைச் சொன்னால் நான் ஏன் தரையைப் பற்றியே பேசுகிறேன் என்று புரியும். வீடு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில் இருப்பதால் நடைபாதைகளில் மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். சின்னச் சக்கரம் அதில் ஏறினால் மணிக்கட்டு வரை அதிரும். அந்த ஓடுகளின் மேல் பெட்டியை இழுக்கவே கூடாது, நிறுத்தவும் கூடாது. கைத்தடியால் வழி பார்த்து வருபவர் அதில் மோதிவிடுவார். ஓரமாக, கரடுமுரடான பகுதியில்தான் இழுக்க வேண்டும். அதற்குப் பெரிய சக்கரம் வேண்டும்.

மாதம் ஒரு முறையாவது அம்மாவைப் பார்க்க இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலில் பட்டர்வொர்த் போவேன். நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம். இறங்கி பினாங்கு சென்ட்ரல் வழியாகப் படகுத்துறை, படகில் கடலைக் கடந்தால் ஜோர்ஜ்டவுன். துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். அந்தப் பத்து நிமிட நடைதான் பெட்டிக்கு உண்மையான சோதனை. பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வோர் உயரம். ஒரு படி ஏறினால் அடுத்த வீட்டில் இரண்டு படி இறங்க வேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிள், பூக்கடை மேசை, சாம்பிராணிச் சட்டி. சாலையில் இறங்கி நடந்தால் ஓரத்தில் வடிகால். பாதி தூரம் பையைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போவேன். சக்கரப் பையும் தூக்குவதற்குத்தான் என்பதை அந்தத் தெருக்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. மேலே ஒரு பிடி மட்டும் போதாது, பக்கவாட்டிலும் ஒரு பிடி இருக்க வேண்டும். ரயிலில் மேல் தட்டில் ஏற்றும்போது அந்தப் பக்கப் பிடிதான் தோளைக் காப்பாற்றும்.

சரி, நான்கு சக்கரமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு நானே நான்கு சக்கரப் பெட்டிதான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சக்கரப் பையைச் சாய்த்து இழுக்கும்போது எடையில் ஒரு பங்கு கையில் இறங்கும். அவருக்கு வலது தோளில் வலி. நான்கு சக்கரம் நிமிர்ந்து பக்கத்திலேயே வரும், கைக்குப் பாரமில்லை. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவின் இரண்டாம் முனையத்தில் பாலம் கடந்து விமானம் ஏறும் கதவு வரை போகும் நீள நடையில் அவருக்கு அதுதான் சௌகரியம். ஆனால் எல்ஆர்டி நகர ரயில் பிரேக் போட்டால் அது தானாக உருண்டு ஓடும், காலால் அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரும்பாலும் விமான நிலையமும் காருமாகப் போகிறவர்களுக்கு நான்கு சக்கரம், ரயில், படகு, தெரு என்று நடக்கிறவர்களுக்கு இரண்டு. இதுதான் என் கருத்து.

கடினப் பெட்டி, துணிப் பை என்ற கேள்விக்கும் எனக்குப் பதில் துணிதான். கடினப் பெட்டியிலேயே பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அடி பட்டால் விரிசல் விடும். இரண்டும் நடுவில் பிளந்து திறப்பதால் விரிக்க இரண்டு மடங்கு இடம் வேண்டும். துணிப் பையை மடியில் வைத்தே மேல் மூடியைத் திறக்கலாம், முன் அறையிலிருந்து கடப்பிதழை எடுக்கலாம். குறை மழைதான். படகுத்துறையிலிருந்து வரும்போது ஒருநாள் கொட்டிய மழையில் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கி, அம்மாவுக்கு வாங்கிய புடவையின் ஓரம் நனைந்துவிட்டது. அன்றிலிருந்து உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள்தான் அடுக்குகிறேன்.

நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 அக்டோபரில்தான் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்தது. அதுவரை பழைய கடினப் பெட்டியும் புதுப் பையும் அலமாரியில் மூடிக் கிடந்தன. முதல் பயணத்துக்கு எடுத்தபோது பழைய பெட்டியின் சக்கரங்கள் விரல் பட்டதும் காய்ந்த கேக் போல உதிர்ந்தன. பையின் உள் துணியில் ஒரு பக்கம் பிசுபிசுப்பு. இரண்டுக்கும் காரணம், சக்கரத்திலும் துணிப் பூச்சிலும் இருந்த பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை. சில வகைப் பாலியூரித்தேனைக் காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே மெல்லச் சிதைத்துவிடும். நம் நாட்டில் அந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. பயன்படுத்தாமல் மூடி வைத்திருப்பதால் பெட்டி பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது பையை அலமாரிக்குள் வைப்பதில்லை. ஜிப்பைத் திறந்தபடி, காற்றோட்டமான அறை மூலையில் நிற்கிறது. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள். மாதம் ஒரு முறை ஹாலில் நாலு சுற்று உருட்டிவிடுவேன்.

பையின் சக்கரங்கள் அப்போது தப்பினாலும் 2023இல் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்தன. இங்கேதான் வாங்கும்போது தெரியாமல் செய்த ஒரு நல்ல தேர்வு கைகொடுத்தது. சக்கரத்தை ஆணி அடித்துப் பொருத்தாமல் திருகாணியால் பொருத்தியிருந்தார்கள். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் பை தைக்கும் ஒரு பெரியவர் புதுச் சக்கரம் இரண்டும் போட்டுக் கூலியோடு 40 வெள்ளி வாங்கினார். ஆணி அடித்ததாக இருந்தால் அடிப்பாகத்தை அறுக்க வேண்டும் என்றார். நீங்கள் வாங்கும்போது பையைக் கவிழ்த்து அதைப் பாருங்கள். திருகாணித் தலை தெரிய வேண்டும்.

கைப்பிடியை முழுக்க நீட்டி ஆட்டிப் பாருங்கள். எடையைக் குறைக்க முதலில் மெல்லியதாக்குவது அந்தக் குழாயைத்தான். கொஞ்சம் ஆடுவது இயல்பு, கடகடவென்று தட்டினால் வேண்டாம். ஜிப் விஷயத்தில் பெரிய பல்லாக, இரண்டு வரிசையும் தடிமனாக இருக்க வேண்டும். இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து பினாங்குக்கு ஏடிஆர் 72 ரகச் சின்ன விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மேல் அறைகள் சின்னவை. அளவுக்குள் இருக்கும் பெட்டியைக் கூட விமானத்தின் வாசலில் வாங்கிச் சரக்கு அறையில் வைப்பதுண்டு. பவர் பேங்க் சரக்கு அறைக்குப் போகக் கூடாது, அதனால் அதையும் மருந்தையும் ஒரு துணிப் பையில் தனியாக வைத்து முன் அறையில் செருகிவைப்பேன். கேட்டதும் உருவிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணத்தில் ஊறுகாய், சம்பல் எல்லாம் கைப்பெட்டித் திரவங்களுக்கான 100 மில்லி விதிக்குள் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு முழுப் போத்தலைப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டு வந்த வலி எனக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்குப் பிறகு பையின் நிலை: அடிப்பக்க மூலைகளில் துணி வெளுத்து நூல் தெரிகிறது. கைப்பிடியின் பொத்தான் சில நேரம் இரண்டு முறை அழுத்தினால்தான் இறங்குகிறது. மற்றபடி தையல் ஒன்றும் விடவில்லை. மூலைக்குத் தோல் ஒட்டுப் போடச் செந்தூல் பெரியவரிடம் கேட்டிருக்கிறேன், தீபாவளிக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார். ஒட்டோடு சேர்த்து எடை இரண்டு கிலோவைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.