இரண்டு ‘இறுதி’க் கோப்புகள்: ஸ்லைடுகளை ஒப்பிட்டு இணைக்க எந்த வழி நல்லது?

கிராம சுகாதாரப் பணியாளர் பயிற்சிக்காக நாங்கள் தயாரித்த ஸ்லைடு தொகுப்பில் இந்த முறை 48 ஸ்லைடுகள். ஒரே கோப்பை இரண்டு பேரிடம் திருத்தக் கொடுத்தேன். ஒருவர் குழந்தை மருத்துவர். மற்றவர் பல ஆண்டுகளாகக் களத்தில் பயிற்சி நடத்திவரும் அக்கா. பத்து நாளில் இரண்டும் திரும்பி வந்தன. இரண்டின் பெயரிலும் ‘இறுதி’ என்றிருந்தது. ஒருவர் செய்த திருத்தம் மற்றவருக்குத் தெரியாது.

இரண்டு ஜன்னல்களை அருகருகே திறந்து வைத்துக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். பத்து ஸ்லைடு வரை அது போதும். அதற்கு மேல் கண் ஏமாற்றும். படம் இடம் மாறியது உடனே தெரியும். ஓர் எண் மாறியது தெரியாது. ஓ.ஆர்.எஸ். என்பது வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். எங்கள் 31ஆம் ஸ்லைடில் ‘ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்’ என்றிருந்ததை அக்கா ‘200 மி.லி.’ என்று மாற்றியிருந்தார். இரண்டு முறை அந்த ஸ்லைடைக் கடந்து போயிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வழியையும் அதே இரண்டு கோப்புகளின் மேல் வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் பவர்பாயிண்ட். ‘ரிவ்யூ’ பகுதியில் ‘கம்பேர்’ என்றொரு பொத்தான் இருப்பது தினமும் பவர்பாயிண்டில் வேலை செய்பவர்களுக்கே தெரிவதில்லை. 2003 பதிப்பில் இருந்த இந்த வசதி 2007இல் காணாமல் போய், 2010இல் புது வடிவில் திரும்பியது. நடுவில் விட்டுப்போனதாலோ என்னவோ, பலர் அதை மறந்தேவிட்டார்கள். வேர்டில் இருப்பதுபோல ஒவ்வொரு திருத்தத்தையும் உடனுக்குடன் குறித்துவைக்கும் வசதி பவர்பாயிண்டில் இல்லை. ஆகவே திரும்பி வந்த கோப்பில் என்ன மாறியது என்பதைப் பிறகு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் கோப்பைத் திறந்துகொண்டு, கம்பேர் வழியாக மற்றவர் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், வலப்பக்கம் ஒரு பட்டியல் விரியும். எந்த ஸ்லைடில், எந்தப் பெட்டியில், எந்தச் சொல் சேர்ந்தது, எது நீங்கியது என்று அதில் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு கட்டம். அதில் குறியிட்டால்தான் திருத்தம் ஏறும். குறியிடாதவரை உங்கள் கோப்பு பழையபடியே நிற்கும். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 31ஆம் ஸ்லைடுக்கு வந்தபோது ‘1 லிட்டர்’ நீங்கி ‘200 மி.லி.’ சேர்ந்தது என்று தனி வரியாகவே காட்டியது. நான் இரண்டு முறை தவறவிட்டதை அது முதல் முறையிலேயே பிடித்துவிட்டது.

குறைகளும் சிறியவை அல்ல. ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் ஒப்பிட முடியும். மருத்துவர் கோப்பை முதலில் இணைத்து, வேறு பெயரில் சேமித்து, அதன்மேல் அக்காவின் கோப்பை இணைத்தேன். இரண்டாம் சுற்றில், மருத்துவர் சொல்லி நான் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட திருத்தங்களும் வேறுபாடுகளாக மறுபடி வந்து நின்றன. எது யாருடையது என்று பக்கத்தில் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ‘எண்ட் ரிவ்யூ’ பொத்தானை அழுத்தினால், குறியிடாமல் விட்ட திருத்தங்கள் எல்லாம் போய்விடும், அதை மீட்க முடியாது. அழுத்துவதற்கு முன் கோப்பின் நகல் ஒன்றைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

அதைவிட முக்கியம், இரண்டு கோப்புகளும் ஒரே தாய்க்கோப்பிலிருந்து பிறந்திருக்க வேண்டும். ஒருவர் புதுக்கோப்பு திறந்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஒட்டி அனுப்பியிருந்தால், பழைய ஸ்லைடு நீங்கியது, புது ஸ்லைடு சேர்ந்தது என்றுதான் பட்டியல் வரும். உள்ளே என்ன மாறியது என்பதற்கு அங்கே பதில் இல்லை.

கூகுள் ஸ்லைட்ஸ் இதே சிக்கலை வேறு பக்கமிருந்து அணுகுகிறது. எல்லாரும் ஒரே கோப்பில் வேலை செய்தால் இணைக்க வேண்டிய தேவையே எழாது என்பது அதன் வழி. எல்லாருக்கும் நல்ல இணையம் உள்ள அலுவலகத்தில் இதைவிடச் சிறந்தது இல்லை என்பேன். பதிப்பு வரலாற்றில் பழைய நிலைகளைப் பார்க்கலாம், முக்கியமான நிலைக்குப் பெயர் சூட்டலாம், தேவையென்றால் அந்த நிலைக்கே திரும்பலாம். ஆனால் திரும்பினால் மொத்தக் கோப்பும் திரும்பும். ஒரே ஒரு ஸ்லைடின் பழைய வடிவம் மட்டும் வேண்டுமென்றால், அந்தப் பதிப்பை நகலெடுத்து அதிலிருந்து ஸ்லைடை ஒட்ட வேண்டும். தனித்தனியே திருத்தி வந்த இரண்டு கோப்புகளை ஒப்பிடும் வசதி கூகுள் டாக்ஸில் உண்டு, ஸ்லைட்ஸில் இல்லை. அக்கா பஸ் பயணத்திலும் சிக்னல் இல்லாத ஊரிலும் மடிக்கணினியில் திருத்துபவர். எங்கள் நிலைமைக்கு இது பொருந்தவில்லை.

மூன்றாவது வழி கோப்பின் வயிற்றைத் திறந்து பார்ப்பது. பவர்பாயிண்டின் பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான். நகலெடுத்துப் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால், ஸ்லைடு ஒவ்வொன்றும், வாசகத்தைக் குறிகளோடு எழுதிவைக்கும் எக்ஸ்எம்எல் என்ற வகையில் தனித்தனிக் கோப்பாகவும், படங்கள் தனி அடைவிலும், பேசுபவருக்கான குறிப்புகள் தனி அடைவிலும் இருப்பதைப் பார்க்கலாம். இதை அப்படியே ஒப்பிட்டால் பலன் குறைவு. ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினாலே வாக்கியம் பல துண்டுகளாக உடைந்து கிடக்கும். கோப்பின் எண்ணும் திரையில் வரும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் பைத்தான் நிரல்மொழியில் உள்ள பைத்தான்-பிபிடிஎக்ஸ் நிரல்தொகுப்பைக் கொண்டு வாசகங்களை மட்டும் ஸ்லைடு வரிசைப்படி உரைக்கோப்பாக எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் வின்மெர்ஜ் என்ற ஒப்பீட்டு மென்பொருளில் ஒப்பிடலாம். குறிப்புப் பகுதியையும் கூடவே எடுத்துவிடலாம். இருபது வரி நிரல் போதும். நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால், எத்தனை பதிப்புகள் வந்தாலும் இது சளைக்காது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனித் தலைவலி இருக்கிறது. ‘பொட்டலம்’ என்ற சொல் இரண்டு கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தது. வின்மெர்ஜ் அதை வேறுபாடு என்று காட்டியது. காரணம், கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். சில விசைப்பலகைகளும் பிடிஎஃப்பிலிருந்து ஒட்டும் வாசகங்களும் இரண்டாவது வகையைக் கொண்டுவருகின்றன. ஒப்பிடுவதற்கு முன் இப்படி இரு வகையாக எழுதியதை ஒரே வகையாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் என்ற ஒரு படி சேர்த்தால் இது தீர்ந்துவிடும். ‘சௌக்கியம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டுச் ‘செளக்கியம்’ என்று அடித்திருந்தால் அந்தப் படியாலும் தீராது. தேடித்தான் மாற்ற வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கோப்பின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளாகவே கிடப்பதால், எந்தக் கருவியும் முழு வாசகமும் மாறியதாகவே சொல்லும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பீட்டில் இறங்க வேண்டும்.

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபிஸில், உரை எழுதும் ரைட்டரில் ஆவண ஒப்பீடு உண்டு. ஸ்லைடு செய்யும் இம்ப்ரெஸ் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. இரண்டு கோப்பையும் பிடிஎஃப்பாக மாற்றிப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடும் வழி, படமும் கட்டமும் நகர்ந்திருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை சரிபார்க்க நல்லது. அதில் இணைப்பு வேலை நடக்காது.

எங்களைப் போலத் தனித்தனியே திருத்துகிற சிறிய குழுவுக்கு நான் பவர்பாயிண்டின் கம்பேரையே சொல்வேன், தாய்க்கோப்பிலேயே திருத்தி அனுப்பும்படி முதல் நாளே எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு. மூன்று பேருக்கு மேல் போனால் உரையைப் பிரித்தெடுக்கும் வழி.

31ஆம் ஸ்லைடுக்கு வருகிறேன். எது சரி என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய பகுதிக் கடைகளில் 200 மி.லி. தண்ணீருக்கான சிறிய பொட்டலம்தான் கிடைக்கிறது என்றார். மருத்துவர் மனத்தில் இருந்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் 1 லிட்டர் பொட்டலம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் தூள். இருவர் சொன்னதும் சரி. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். இப்போது அந்த ஸ்லைடில் இரண்டு பொட்டலங்களின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தண்ணீர் அளவு அச்சிட்டிருக்கும் இடத்தைச் சிவப்பு வட்டம் சுட்டுகிறது. அந்த வட்டத்தைப் போடச் சொன்னவர் அக்கா.