அம்மாவுக்கு எது சரிவரும்: ஈசிஆர் சீனியர் லிவிங்கா, லாஸ்பேட்டை ஹோமா, வீட்டோட ஒரு ஆளா?

கடலூர், பாண்டி பக்கம் வயசானவங்களுக்கு இடம் தேடறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். எந்த இடத்தோட பேரும் போடல, ஏன்னா ஸ்டாஃப் மாறினா இடமே மாறிடும், இன்னிக்கு நல்லாருக்குன்னு நான் எழுதி நாளைக்கு நீங்க போய் என்னைத் திட்டக்கூடாது.

முதல்ல யாருக்காகப் பாத்தோம்னு சொல்லிடறேன். அம்மாவுக்கு 78 வயசு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல தனியா இருக்காங்க, சுகர் இருக்கு, ராத்திரி இன்சுலின், வாக்கர் வச்சு நடப்பாங்க ஆனா ராத்திரி பாத்ரூம் போக கூட ஒரு ஆள் வேணும், கொஞ்ச நாளா மறதி வேற. உங்க வீட்டுப் பெரியவங்க நிலைமை வேறன்னா என் முடிவு உங்களுக்குப் பொருந்தாது.

ஈசிஆர்ல காலாப்பட்டு தாண்டி இருக்கற பெரிய சீனியர் லிவிங்ல இருந்து ஆரம்பிக்கறேன். பாக்க சூப்பரா இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. வாக்கிங் போக பாதை, பஜனை ஹால், கேரம் போர்டு, லைப்ரரி, மூணு வேளையும் டைனிங் ஹால்ல சைவ சாப்பாடு, சாம்பார்ல காரம் கம்மி. அங்க இருக்கறவங்கள்ல நிறைய பேரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், நெய்வேலில வேலை பாத்தவங்க, பசங்க அமெரிக்காவுலயோ சிங்கப்பூர்லயோ இருக்கறவங்க. அக்காவுக்கு ரிசப்ஷன்லயே புடிச்சுப்போச்சு. எனக்கும் புடிச்சுது, ஆனா நான் கேட்ட கேள்வி ஒண்ணுதான், ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா பெல் அடிச்சா யாரு வருவா? பெல் செக்யூரிட்டி ரூம்ல அடிக்குமாம், அவரு நர்ஸுக்கு போன் போடுவாராம், நர்ஸ் வேற பிளாக்ல இருப்பாங்களாம். சரி, அம்மா எழுந்திரிக்கவே முடியாம படுத்துட்டா? கொஞ்சம் யோசிச்சுட்டு "அந்த ஸ்டேஜ்ல நாங்க ஃபேமிலிகிட்ட பேசுவோம் சார்"னாங்க. அதாவது கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க.

இது ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல வரல. இந்த மாதிரி இடங்க நடமாட்டத்தோட இருக்கறவங்களுக்குக் கட்டினது, தன் வேலையை தானே பாத்துக்கறவங்க, சமையலும் கரண்ட் பில்லும் பிளம்பரைத் தேடறதும்தான் தலைவலின்னு நினைக்கறவங்க, அவங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்ல. கூட ஆள் வச்சுப் பாத்துக்கற அசிஸ்டட் லிவிங் வேற சமாச்சாரம். நம்மாளுங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுப் போய் அட்வான்ஸ் கட்டிடறாங்க. எங்கப்பா இருந்திருந்தா கண்ணை மூடிட்டு ஈசிஆர்லதான் போட்டிருப்பேன், மனுஷன் செஸ் போர்டோட செட்டில் ஆகியிருப்பாரு.

இன்னொண்ணு, அங்க ஃப்ளாட்டை வாங்கணும் இல்லன்னா பெரிய டெபாசிட் கட்டி லீஸுக்கு எடுக்கணும், அதுக்கு மேல மாசா மாசம் மெயின்டனன்ஸ், சாப்பாடு தனி, நர்ஸ் கவனிப்பு தனி. வாங்கறதுன்னா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பர் கேளுங்க. பெரியவங்க காலத்துக்கப்புறம் அந்த ஃப்ளாட்ல நீங்க குடியிருக்க முடியுமான்னும் கேளுங்க, நிறைய இடத்துல குறிப்பிட்ட வயசு ஆனவங்கதான் தங்கலாம்னு கண்டிஷன் இருக்கு, அப்ப விக்கறதுன்னாலும் அதே வயசு ஆளத்தான் தேடணும். மத்திய அரசு 2019ல ரிட்டயர்மென்ட் ஹோம்ஸுக்குன்னு மாதிரி வழிகாட்டுதல் ஒண்ணு போட்டுச்சு, ஆனா அது மாதிரிதான், அதை நம்பி அக்ரிமென்ட்டைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

அடுத்து பாண்டி லாஸ்பேட்டைல ஒரு ஹோம். மாடி வீடு ஒண்ண மாத்திக் கட்டி நடத்தறாங்க, போர்டு கூட சின்னதுதான், உள்ள போனதும் டெட்டால் வாசனை, ஹால்ல டிவில சீரியல் சத்தம். அக்கா வாசல்லயே மூஞ்சியை சுளிச்சுட்டா. நான் நேரா பாத்ரூமுக்குப் போனேன். கதவு வெளிப்பக்கமா திறக்குது. இது சின்ன விஷயம்னு தோணும், ஆனா உள்பக்கம் திறக்கற கதவா இருந்து உள்ள யாராவது விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும், தள்ளித் திறக்கவும் முடியாது, தள்ளினா அவங்களுக்கு அடிபடும். கம்மோடு பக்கத்துல பிடிமானக் கம்பி, புடிச்சு இழுத்துப் பாத்தேன், ஆடல. பெல்லோட கயிறு தரை வரைக்கும் தொங்குது, விழுந்து கிடந்தாலும் கை எட்டும். ஈசிஆர்ல பாத்ரூம் ஹோட்டல் மாதிரி பளபளன்னு இருந்துச்சு, பெல் ஸ்விட்ச் மட்டும் நிக்கறவங்க தோள் உயரத்துல இருந்துச்சு!

ராத்திரி ரெண்டு ஆயா காரிடார்லயே படுக்கறாங்க, ரெண்டு பேரும் அக்கம்பக்கத்துக்காரங்க. நர்ஸ் ஒருத்தங்க ஜிஎன்எம், அதாவது நர்ஸிங் டிப்ளமோ படிச்சவங்க, சர்டிஃபிகேட் கேட்டேன், கோவிச்சுக்காம காமிச்சாங்க. படுக்கையில இருக்கறவங்களையும் வச்சிருக்காங்க, ஒரு பாட்டியோட முதுகைத் திருப்பிப் படுக்க வைக்கறதுக்கு சுவத்துல நேரம் எழுதி டிக் போட்டிருந்துச்சு. படுக்கைப்புண் வராம இருக்க அதுதான் முக்கியம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பணும்னு ஆஸ்பத்திரில சொல்லுவாங்க. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் டிக் இருந்துச்சு. சாயங்காலத்துக்கும் சேத்து முன்கூட்டியே போட்டிருந்தா திரும்பிப் பாக்காம வந்திருப்பேன்.

குறை இல்லாம இல்ல. ராத்திரி சாப்பாடு ஆறரைக்கே குடுத்துடறாங்க, காலை டிபன் எட்டரைக்கு. இன்சுலின் போடறவங்களுக்கு இந்த இடைவெளி ஆபத்து, நடுராத்திரி சுகர் இறங்கிடலாம். கேட்டதுக்கு, படுக்கப்போறப்ப பாலும் ரெண்டு பிஸ்கட்டும் தருவோம்னாங்க, அதை எழுத்துல வாங்கிட்டோம். வாக்கிங் போக இடம் கிடையாது, மொட்டைமாடிதான், அதுக்கும் லிஃப்ட் இல்ல. பேச்சுத்துணைக்கு ஆளு கம்மி, பாதிப்பேருக்கு மறதி. அம்மா போய் பாத்துட்டு சொன்னது, "எல்லாரும் கிழவியா இருக்காங்கடா".

நம்ம ஊர்ல இடம் பாக்கறவங்க கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி, ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு என்ன பண்ணீங்க? 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிகிட்ட கரை கடந்துச்சே, ஊரே தண்ணில நின்னுச்சு. ஈசிஆர் மேனேஜர் அதுக்கப்புறம்தான் வேலைக்கு சேந்தாராம், ஜெனரேட்டர் இருக்கு சார், பிரச்சினை இல்லன்னு முடிச்சுட்டாரு. லாஸ்பேட்டை ஹோமை நடத்தற அம்மா உக்காரச் சொல்லி விலாவாரியா சொன்னாங்க, கீழ் ரூமுக்குள்ள தண்ணி வந்ததும் படுக்கையில இருந்தவங்களை பெட்ஷீட்டோட தூக்கி மாடிக்கு ஏத்தினது, பகல் ஷிப்ட் ஆயா வீட்டுக்குப் போக முடியாம இங்கயே தங்கினது, இன்சுலினை ஐஸ் பெட்டில போட்டு வச்சது. 2011ல தானே புயல் அடிச்சப்ப கடலூர்ல நாள்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தவங்களுக்கு இந்தப் பதிலோட அருமை தெரியும்.

பெரிய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மர் கோரிமேட்டுல, லாஸ்பேட்டைல இருந்து கிட்டக்கதான். ஆனா கிட்ட இருக்குன்னு மட்டும் பாத்தா போதாது. ஓபிக்கு யாரு கூட்டிட்டுப் போவா, வரிசைல யாரு நிப்பா, அட்மிட் பண்ணிட்டா பெட்டுக்குப் பக்கத்துல யாரு இருப்பான்னு கேளுங்க. அட்டெண்டர் இல்லாம வயசானவங்களை வார்டுல விட முடியாது. லாஸ்பேட்டைல கேட்டதுக்கு, ஓபிக்கு நாங்க ஆள் அனுப்பறோம், ஆட்டோ சார்ஜும் அவங்க பேட்டாவும் குடுத்துடுங்க, அட்மிஷன்னா ஃபேமிலி வந்துடணும்னாங்க. நியாயமான பதில்.

சிஸ்டர்ஸ் நடத்தற இல்லம் ஒண்ணும் போனோம். சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். ஆனா அங்க இருந்த சிஸ்டர், "உங்கம்மாவுக்கு நீங்க இருக்கீங்க, இங்க யாருமே இல்லாதவங்களுக்கே பெட் பத்தல"ன்னு அன்பாவே சொல்லி அனுப்பிட்டாங்க. மேல பேச ஒண்ணுமில்ல.

கடைசியா வீட்டோட ஆள் வைக்கறது. மாமா, அதான் அக்கா வீட்டுக்காரரு, இதுக்குத்தான் ஓட்டு போட்டாரு. அம்மாவுக்கும் இதுதான் ஆசை, பாடலீஸ்வரர் கோயில் மணிச்சத்தம் கேக்கற வீட்டை விட்டுட்டு பாண்டிக்கு ஏன் போகணும்ங்கறாங்க. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கறதால மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபியும் உண்டு, பாண்டிக்குப் போயிட்டா அது கிடைக்காது. ஆனா பியூரோல, அதாவது வீட்டுக்கு ஆள் அனுப்பற ஏஜென்சில இருந்து வர்ற ஆளுங்க நிலைமை வேற. நர்ஸுன்னு சொல்லி அனுப்பறாங்க, வந்தவங்களுக்கு இன்சுலின் ஊசில யூனிட் பாக்கத் தெரியல. தீபாவளி, பொங்கல்னா ஊருக்குப் போயிடுவாங்க, மாத்து ஆள் வர்ற வரைக்கும் நாமதான் சென்னைல இருந்து ஓடி வரணும். ராப்பகல் ஒரே ஆள்னா அந்தப் பொண்ணு எப்ப தூங்கும்? அதையும் யோசிக்கணும்ல.

காசு விஷயத்துல, வீட்டோட இருபத்திநாலு மணி நேர ஆளுக்கு எங்களுக்கு சொன்னது மாசம் 25,000, சாப்பாடு, மளிகை நம்ம செலவு. லாஸ்பேட்டைல எல்லாம் சேத்து 32,000, டயப்பரும் மருந்தும் தனி. கூட்டிப்பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. ஈசிஆர் மாசக்கணக்குல கம்மியா தெரியும், டெபாசிட்டை பேங்க்ல போட்டா வர்ற வட்டியையும் சேத்துப் பாருங்க, அப்பதான் நிஜ ரேட் தெரியும்.

எங்க முடிவு லாஸ்பேட்டை. அக்காவுக்கு இன்னும் மனசு ஆறல, ஈசிஆர் தோட்டத்தையே சொல்லிட்டு இருக்கா. அம்மா சம்மதிச்சதுக்கு ஒரே காரணம், வீட்டை விக்க மாட்டோம், வாடகைக்கும் விட மாட்டோம்னு சொன்னதுதான். ஒரு மாசம் ட்ரையல், புடிக்கலன்னா திரும்பிடலாம்னு பேசியிருக்கோம், டெபாசிட் எத்தனை நாள்ல திரும்ப வரும்னு அக்ரிமென்ட்ல தேதி போட்டு வாங்கியாச்சு, மாச நடுவுல கிளம்பினா மீதி நாள் காசு கழிச்சுத் தருவாங்களான்னு மட்டும் இன்னும் இழுபறில இருக்கு.