எனினும், மாறாக, அதன் பின், அதனால்: கோடிட்ட இடத்தில் எதை வைப்பது?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர ஆங்கிலத்தில் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் வாசிப்பு–எழுத்துப் பகுதியில் 54 வினாக்களுக்கு 64 நிமிடங்கள், அதாவது வினா ஒன்றுக்குச் சராசரியாக 71 நொடி. அதில் வரும் இணைப்புச் சொல் வினாவின் வடிவம் மாறுவதில்லை: சிறு பத்தி, ஒரு கோடிட்ட இடம், நான்கு விடைகள். இதற்கு மாணவர்கள் இரண்டு வழிகளில் விடை தேடுகிறார்கள்.

முதல் வழி, நான்கையும் ஒவ்வொன்றாக இட்டுப் படித்து, காதுக்கு இசைவதைத் தேர்வது. இரண்டாவது, விடைகளைப் பார்க்காமல் இரு வாக்கியங்களுக்கும் என்ன உறவு என்று முதலில் தீர்மானிப்பது. நான் இரண்டாவதன் பக்கம். நான்கு சொற்களும் இலக்கணப்படி அந்த இடத்தில் பொருந்தும்படிதான் வினா அமைக்கப்படுகிறது. எல்லாமே சரளமாக ஒலிக்கும்போது காது எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்?

உறவைக் கண்டுபிடிக்கத் தமிழ் அறிந்தவர்களுக்கு ஒரு நல்ல கருவி கையிலேயே இருக்கிறது. தமிழ் பெரும்பாலும் இணைப்பைத் தனிச் சொல்லில் வைப்பதில்லை, வினையின் இறுதியில் வைக்கிறது: பெய்ததால், பெய்தாலும், பெய்த பின், பெய்யாமல். இரண்டு ஆங்கில வாக்கியங்களையும் மனத்துக்குள் ஒரே தமிழ் வாக்கியமாக ஒட்டிப் பாருங்கள். எந்த விகுதி தானாக வந்து உட்காருகிறதோ, அதுவே உறவு.

'ஹவெவர்', 'இன்ஸ்டெட்' என்ற இரண்டும் ஒரே வினாவில் வந்தால் தடுமாறாதவர் குறைவு. இரண்டுமே எதிர்மறை வாசம் வீசுபவை. இந்தத் தொடரைப் பாருங்கள்: "வெள்ளி, சூரியனிலிருந்து புதனைவிடத் தொலைவில் இருக்கிறது. ____, வெப்பத்தில் அது புதனை மிஞ்சுகிறது." ஒட்டினால், 'தொலைவில் இருந்தாலும் மிஞ்சுகிறது'. முதல் செய்தி உண்மையாகவே நிற்கிறது. அது எழுப்பிய எதிர்பார்ப்புதான் பொய்த்தது. இங்கே 'எனினும்', அதாவது 'ஹவெவர்'. இன்னொன்று: "2006 முதல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோளாகக் கருதுவதில்லை. ____, குறுங்கோளாக வகைப்படுத்துகிறது." இது 'கருதாமல் வகைப்படுத்துகிறது' என்று ஒட்டும். ஒன்று விலக்கப்பட்டு, அதன் இடத்தில் இன்னொன்று வருகிறது. இது 'மாறாக', 'இன்ஸ்டெட்'. நம் எழுத்திலேயே 'மாறாக' என்பதை வெறும் வேறுபாட்டுக்கும் தளர்வாகப் பயன்படுத்துகிறோம். அந்தப் பழக்கம் இந்த வினாவில் நம்மைக் கவிழ்க்கும்.

'கான்சிக்வென்ட்லி' (அதனால்), 'சப்சிக்வென்ட்லி' (அதன் பின்) ஆகியவை ஒலியில் இரட்டைப் பிள்ளைகள், பொருளில் அயலார். "மேரி கியூரி 1903இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். ____, 1911இல் வேதியியலுக்கான பரிசையும் பெற்றார்." 'முதல் பரிசைப் பெற்றதால் இரண்டாவதைப் பெற்றார்' என்று சொல்ல நாக்கே மறுக்கும். 'பெற்ற பின்' என்றால் தடையில்லை. ஆண்டுகள் வரிசையாக வந்தாலே காரணம் இருப்பதாக மனம் கற்பனை செய்துகொள்கிறது. அந்த மயக்கத்தைத் தமிழ் விகுதி ஒரே நொடியில் கலைத்துவிடும்.

இந்தக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. 'எடுத்துக்காட்டாக', 'உண்மையில்', 'மேலும்' ஆகிய மூன்றுக்கும் கைகொடுக்கும் விகுதி கிடையாது. அங்கே இரு கூற்றுகளின் அளவைப் பார்க்க வேண்டும். "ஆக்டோபஸின் உடலமைப்பு மனித உடலமைப்பிலிருந்து வெகுவாக வேறுபட்டது" என்ற பொதுக் கூற்றுக்குப் பின் "அதற்கு மூன்று இதயங்கள் உண்டு" என்று வந்தால், பெரியதற்குள் சிறியது அடங்குகிறது: எடுத்துக்காட்டாக. "அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட இதயங்கள் உண்டு" என்று சொல்லிவிட்டு "மூன்று உண்டு" என்றால், அதே கூற்று இன்னும் அழுத்தமாகிறது: உண்மையில். "அதற்கு மூன்று இதயங்கள் உண்டு" என்பதை அடுத்து "அதன் இரத்தம் நீல நிறமானது" என்று வந்தால், இரண்டும் சமமாகத் தோளோடு தோள் நிற்கின்றன: மேலும்.

விடைகளில் ஒரே பொருளுடைய இரண்டு இருந்தால் இரண்டையும் அடித்துவிடலாம் என்றும் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சரியான விடை ஒன்றுதான் என்பதால் அது பிழையான வழி அல்ல. 'ஆகவே' என்றே பொருள்படும் 'தேர்ஃபோர்', 'தஸ்' இரண்டும் சேர்ந்து வந்தால் தயங்காமல் விலக்கலாம். ஆனால் 'ஹவெவர்', 'இன்ஸ்டெட்' இரண்டையும் ஒரே பொருளுடையவை என்று எண்ணி அடித்தால், சரியான விடையையும் சேர்த்தே அடித்திருப்போம்.